கைமாறி வந்த சின்ன ட்ரக்டர்: யாழ்ப்பாணத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணிகளைப் பரப்புக் கணக்கில்தான் பேசுவோம். 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஐந்தாறு பரப்புத் துண்டுக்குள், கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் வளைத்துத் திருப்பப் பெரிய ட்ரக்டருக்கு இடம் போதாது. ஒழுங்கைக்குள் நுழைவதே பெரும்பாடு. அதனால்தான் யப்பானில் பாவித்து இங்கே வந்த 15 முதல் 25 குதிரைவலு வரையான குபோட்டா, யன்மார், இசெக்கி போன்ற சின்ன நான்கு சில்லு ட்ரக்டர்களைத் தேடி வாங்குகிறார்கள். நல்ல இயந்திரங்கள்தான். ஒழுங்காகப் பார்த்தால் நெடுங்காலம் உழைக்கும்.

ஆனால் பாவித்த ட்ரக்டர் வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை உழுவதல்ல. அதற்குள் என்ன ஒயில் கிடக்கிறது, எப்போது மாற்றியது, றேடியேற்றருக்குள் எந்தத் தண்ணீர் ஓடியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. விற்றவருக்கும் பல வேளை தெரியாது. மணித்தியால மீற்றர் காட்டும் கணக்கையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. மீற்றர் இடையில் நின்றிருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். ஆகவே எல்லா ஒயில்களையும் பில்ற்றர்களையும் நீங்களே ஒருமுறை மாற்றி, அன்றைய திகதியையும் மீற்றர் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். அந்த நாளிலிருந்துதான் அந்த ட்ரக்டரின் வரலாறு உங்களுக்குத் தொடங்குகிறது. காலபோகத்துக்கு உழவேண்டும் என்றால் ஆடி மாதமே இந்த வேலையைத் தொடங்குங்கள். புரட்டாசியில் கராச்சுகளில் வரிசை கட்டி நிற்பார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். யப்பானிய மனுவலில் உள்ளதெல்லாம் சரி, ஆனால் அது நம் செம்மண் தூசிக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் எழுதப்பட்டதல்ல. இங்கே சின்ன ட்ரக்டர்கள் வயதுக்கு முன்னே கிழடாவதற்கு இந்த இரண்டும்தான் பெரிய காரணம். காற்று பில்ற்றருக்கும் றேடியேற்றருக்கும் இந்த வழிகாட்டியில் கூடுதல் இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

இலக்கங்களும் எழுத்துகளும்

முதலில் ஒரு பழந்துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்து எஞ்சினிலும் சேசியிலும் உள்ள இலக்கங்களைத் துடைத்துத் தெளிவாகப் படம் எடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். லீசிங் கொம்பனி ஒன்றின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால், பணம் முழுவதும் கைமாறுவதற்கு முன்னரே அதைத் தீர்க்கவேண்டும்.

எஞ்சின் இலக்கம் உதிரிப்பாகம் வாங்கவும் தேவைப்படும். ட்ரக்டரின் மாதிரிப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் தலையைச் சொறிவார், ஏனென்றால் யப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பல மாதிரிகள் வேறெங்கும் அந்தப் பெயரில் விற்கப்படவில்லை. எஞ்சின் மாதிரியைச் சொன்னால் வழி பிறக்கும். குபோட்டாவில் இசட் என்று தொடங்கினால் 2 சிலிண்டர், டி என்றால் 3, வி என்றால் 4. யன்மாரில் மாதிரியின் முதல் இலக்கமே சிலிண்டர் எண்ணிக்கை.

கியர் கம்பிகளுக்குப் பக்கத்தில் யப்பானிய எழுத்தில் ஒட்டியிருப்பவற்றை உரிக்கவேண்டாம். தொலைபேசிக் கமெராவால் மொழிபெயர்த்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயின்ற் பேனையால் தமிழில் எழுதுங்கள். முயல் படம் வேகம், ஆமைப் படம் மெதுவு. திறப்பை ஒரு பக்கம் திருப்பினால் ஸ்ராட்டர், மறுபக்கம் திருப்பினால் குளோ பிளக் (ஸ்ராட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் பாகம்) சூடாகும் மாதிரிகளும் உண்டு. வீட்டில் வேறு யாராவது ஓட்டப்போகிறார்கள் என்றால் இந்த ஒரு வேலை பல உடைவுகளைத் தடுக்கும்.

எஞ்சின் ஒயில்

ட்ரக்டரைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையோ றொட்டவேற்றரோ (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) பூட்டியிருந்தால் நிலத்தில் இறக்கி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான ஒயில் அடியில் கிடக்கும் கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அடிப் போல்ட்டைக் கழற்றி, பழைய ஒயிலை அகன்ற தட்டத்தில் பிடியுங்கள்.

அந்த ஒயிலை உடனே ஊற்றிவிடாதீர்கள். வெயிலில் வைத்து நன்றாகப் பாருங்கள். கறுப்பாக இருப்பது டீசல் எஞ்சினுக்கு இயல்பு. பாலும் தேத்தண்ணியும் கலந்த நிறம் என்றால் தண்ணீர் உள்ளே போகிறது: ஹெட் கஸ்கற் (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், வெடிப்பும் இருக்கலாம். தண்ணீர் போல் ஓடி, மோந்தால் டீசல் மணத்தால் எரிபொருள் ஒயிலுக்குள் கசிகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மினுங்கும் மிக நுண்ணிய பொடி கொஞ்சம் இருந்தால் அடுத்த மாற்றத்தில் குறைகிறதா என்று கவனிக்கலாம். நகத்தில் பிடிபடும் அளவு உலோகச் செதில் இருந்தால் உழவை மறந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பொதுவாக 15 டபிள்யூ 40 டீசல் எஞ்சின் ஒயில் நம் வெக்கைக்குப் பொருந்தும். ஒயில் பில்ற்றரைக் கட்டாயம் மாற்றுங்கள். புதியதன் ரப்பர் வளையத்தில் ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். நிறைத்துவிட்டு ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். வாங்கியபின் செய்யும் முதல் மாற்றத்துக்கு அடுத்ததை 25 முதல் 50 மணித்தியாலத்துக்குள் செய்வது நல்லது, ஏனென்றால் புது ஒயில் பழைய அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அதன் பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும்.

எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு மதிப்பு வேண்டுமென்றால், சூடான பிறகு மெதுவேகத்தில் ஓடவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய ஆவி வரும், அது சரி. மூடியைத் தள்ளும் அளவுக்கு விட்டுவிட்டுப் புகை அடித்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அப்படிப்பட்ட எஞ்சினையும் கவனமாக ஓடலாம், ஆனால் ஒயில் மட்டத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும், பெரிய திருத்தத்துக்குக் காசும் ஒதுக்கவேண்டும்.

செம்மண் தூசியும் காற்று பில்ற்றரும்

மழைக்கு முன் புழுதி உழவு செய்பவருக்குச் சொல்லத் தேவையில்லை: கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் மாவாகிவிடும். முன்சில்லு கிளப்பும் தூசி நேரே எஞ்சினுக்குத்தான் வரும். அந்தத் தூசி சிலிண்டருக்குள் போனால் சுவரையும் வளையத்தையும் உரசித் தின்றுவிடும்.

காற்று பில்ற்றர் இரண்டு வகை. அடியில் ஒயில் கிண்ணம் உள்ளது என்றால், கிண்ணத்தைக் கழற்றிச் சேற்று ஒயிலை வெளியே ஊற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, குறியிட்ட மட்டம் வரை எஞ்சின் ஒயில் விடுங்கள். கூட விட்டால் எஞ்சின் அதை உறிஞ்சும்.

கடதாசி பில்ற்றர் என்றால் வெளியே எடுத்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். கொம்பிரஷர் காற்று அடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில், ஓரளவு தூரத்தில் பிடித்து அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி கடதாசிக்குள் இறுகும். பிறகு இருட்டான இடத்தில் பில்ற்றருக்குள் ஒரு சின்ன ரோர்ச்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒளி புள்ளியாகத் தெரிந்தால் அங்கே ஓட்டை. அந்தப் பில்ற்றரை எறியுங்கள். நான் என்றால் வாங்கியதும் புதியதொன்று போட்டுவிடுவேன். எஞ்சின் திருத்தும் செலவோடு பார்க்க அது ஒன்றுமேயில்லை.

பலர் பார்க்காமல் விடும் இடம் பில்ற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் குழாய். பழைய யப்பானிய ட்ரக்டர்களில் அது காய்ந்து, அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உட்புறத்தைத் துடையுங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி. செங்கோடு விழுந்தால் பில்ற்றரைத் தாண்டித் தூசி எஞ்சினுக்குள் போகிறது. வெடித்த குழாய்க்கு ரேப் சுற்றிச் சமாளிக்கவேண்டாம், மாற்றுங்கள். கிளிப்புகளையும் இறுக்குங்கள்.

புழுதி உழவு நடக்கும் நாட்களில் ஒவ்வொரு நாளும் பில்ற்றரைப் பாருங்கள். பில்ற்றர்க் கூட்டின் அடியில் ரப்பர் வால் இருந்தால் அதைப் பிதுக்கிச் சேர்ந்த தூசியை விழுத்துங்கள்.

தண்ணீர்: றேடியேற்றருக்கு எது, எது கூடாது

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் றேடியேற்றர்க் குழாய்களுக்குள்ளும் எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளுக்குள்ளும் படிகிறது. மெல்லிய படிவே வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். சுன்னாகத்து வயதான மெக்கானிக் ஒருவர் வருகிற எல்லோருக்கும் சொல்வார்: "தம்பி, குடிக்கிற தண்ணி வேறை, இதுக்குள்ள விடுற தண்ணி வேறை. கிணத்துத் தண்ணியை இதுக்குக் கண்ணிலயும் காட்டாதேங்கோ."

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மட்டும் றேடியேற்றர் மூடியைத் திறங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பாருங்கள். குழாய் வாய்களில் வெள்ளைத் தோல் படிந்திருந்தால் சுண்ணாம்பு. செம்பழுப்பு நிறத் தண்ணீர் என்றால் உள்ளே துரு. மேலே ஒயில் மிதந்தால் கஸ்கற்றைச் சந்தேகிக்கவேண்டும். மூடியின் ரப்பரும் ஸ்பிறிங்கும் நல்ல நிலையில் இருக்கவேண்டும், ஏனென்றால் அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் பிந்திக் கொதிக்கும்.

பழைய தண்ணீரை றேடியேற்றரின் அடித் திருகாணியாலும் எஞ்சின் பக்கத்துத் திருகாணியாலும் வடியுங்கள். எஞ்சின் பக்கத்துத் திருகாணி பெரும்பாலும் கசடால் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் கிண்டினால் வரும். றேடியேற்றர் கழுவும் திரவத்தைப் போத்தலில் எழுதிய அளவில் கலந்து ஓடவிட்டு வடித்து, நல்ல தண்ணீரால் தெளிவாக வரும்வரை அலசுங்கள். காட்டமான அசிட் விட்டுக் கழுவுவதை நான் ஏற்கவில்லை. படிவோடு சேர்த்து உலோகத்தையும் அரித்துவிடும். படிவு அளவுக்கு மீறி இருந்தால் றேடியேற்றரைக் கழற்றித் திருத்துபவரிடம் கொடுத்துக் குழாய்களைத் துளாவி எடுப்பதே சரி.

நிறைக்கும்போது கூலன்ற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. பற்றரிக்கு விற்கும் அதே தண்ணீர்தான். இங்கே பனி உறையாதே, கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். துருப்பிடிப்பதைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. அந்த இரண்டும் இங்கே கட்டாயம் தேவை. காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்காத இடத்தில், கூரையை நன்றாகக் கழுவிய நாலைந்து மழைக்குப் பிறகு பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். மார்கழியில் இரண்டு கான் பிடித்து மூடி வைத்தால் வருடம் முழுதும் ஊற்றப் போதும்.

வெளிப்பக்கத்தையும் பாருங்கள். றேடியேற்றருக்கு முன்னால் உள்ள வலைத்தட்டை இழுத்தெடுத்தால் வைக்கோல், புல்விதை, தூசி எல்லாம் பாய் போல் ஒட்டியிருக்கும். காற்றையோ மெல்லிய தண்ணீரையோ எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். அழுத்தக் குழாயால் கிட்ட வைத்து அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். ஃபான் பெல்ற்றைப் பெருவிரலால் நடுவில் அமத்தினால் கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் தாழவேண்டும்.

வெக்கை நாட்டுக்குத் தேர்மோஸ்ராற் (எஞ்சின் சூடேறும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் அடைப்பு) தேவையில்லை என்று கழற்றி எறியும் பழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாது, ஒயில் கெடும், சிலிண்டர் தேயும். சந்தேகமாக இருந்தால் கழற்றி ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள்; தண்ணீர் கொதிக்குமுன் அது திறக்கவேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

உழும்போது சூட்டு முள் ஏறினாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே சுமையை விட்டு, பி.ரி.ஓ. வை (பின்னால் பூட்டிய கருவியைச் சுழற்றும் தண்டை) நிறுத்தி, மெதுவேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். தண்ணீர் முழுதாக ஒழுகிப் போயிருந்தால் மட்டும் உடனே நிறுத்தவேண்டும். கொதிக்கிற எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

டீசலும் காற்றுப் பிடிப்பும்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பீப்பாயிலும் கானிலும் சேர்த்து வைத்த டீசலில் ஓடிய இயந்திரங்கள் ஊரில் இருக்கின்றன. டீசலே இல்லாமல் மாதக் கணக்கில் நின்றவையும் உண்டு. அப்படி நின்ற தாங்கிக்குள் துருவும் தண்ணீரும் இருக்கும். தாங்கியை ஒருமுறை முழுதாக வடித்து, அடியில் வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். தண்ணீர் அடியில் கோடு போட்டு நிற்கும். பில்ற்றர்க் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவி, புதிய பில்ற்றரும் புதிய ரப்பர் வளையமும் போடுங்கள். சில மாதிரிகளில் கிண்ணத்துக்குள் ஒரு சிவப்பு வளையம் இருக்கும். அது மிதந்து மேலே வந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பில்ற்றர் மாற்றினால், அல்லது டீசல் முடிந்து நின்றால், குழாய்க்குள் காற்றுப் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்கும் ஒழுங்கு:

1. தாங்கியில் பாதிக்கு மேல் டீசல் விட்டு, அடைப்பானைத் திறங்கள்.
2. பில்ற்றரின் தலையிலுள்ள சின்னத் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நுரையும் குமிழுமாக வரும். குமிழி இல்லாமல் தெளிவாக வழிந்ததும் இறுக்குங்கள். மின்சார டீசல் பம் உள்ளதென்றால் திறப்பை ஓன் நிலையில் வையுங்கள்.
3. டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்மில் உள்ள காற்றுத் திருகாணியிலும் அதையே செய்யுங்கள்.
4. இப்போது ஸ்ராட் செய்து பாருங்கள். வராவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரர்களின் தலையில் குழாய் வந்து சேரும் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, நிறுத்தும் குமிழை உள்ளே தள்ளி, எக்சிலேற்றரை முழுதாக வைத்து, பத்து விநாடி ஸ்ராட்டரை அடியுங்கள். டீசல் துள்ளி வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.
5. ஸ்ராட்டரைத் தொடர்ந்து அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

இன்ஜெக்ரர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கசிவைப் பார்க்க ஒரு கடதாசி மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

ஸ்ராட் ஆகாவிட்டால், புகைத்தால்

திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லையா? பற்றரி முனைகளில் வெள்ளைப் பூப்பு இருக்கும், முதலில் அதைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். பிறகு சேசிக்குப் போகும் எர்த் வயர். அதுவும் சரி என்றால் கிளச் பெடலை முழுதாக மிதித்திருக்கிறீர்களா, பி.ரி.ஓ. நியூற்றலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு சுவிச்சுகள் ஸ்ராட்டரைத் தடுக்கும். எலி கடித்த வயரும் இங்கே அபூர்வமல்ல. வோல்ற் மீற்றர் இருந்தால், எஞ்சின் நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ற் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்டவேண்டும். ஓடும்போதும் ஏறாவிட்டால் கோளாறு பற்றரிக்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றரில், பெல்ற்றில், அல்லது பியூசில்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை: நிறுத்தும் குமிழ் வெளியே இழுத்தபடி இருக்கிறதா, அடைப்பான் பூட்டியிருக்கிறதா, காற்றுப் பிடித்ததா. பழைய மாதிரிகள் பலவற்றில் திறப்பை நிறுத்தினால் எஞ்சின் நிற்காது, குமிழை இழுத்துத்தான் நிறுத்தவேண்டும். அதை மறந்து இழுத்தபடி விட்டுவிட்டு மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் அதிகம். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லையென்றால் டீசல் வருகிறது, எரியவில்லை. குளோ பிளக்குகளைச் சோதியுங்கள். காலைக் குளிரில் மட்டும் அடம்பிடிக்கும் எஞ்சினில் பெரும்பாலும் அவைதான் போயிருக்கும்.

ஓடும்போது கரும்புகை என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது சுமை கூட. காற்று பில்ற்றரை முதலில் பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகையோடு றேடியேற்றர்த் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கற்.

நன்றாக ஓடி, அரை மணித்தியாலத்தில் இழுவை குறைந்து நின்று, கொஞ்சம் ஆறியதும் திரும்ப ஓடுகிறதா? தாங்கி மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை செம்மண்ணால் அடைபட்டிருக்கிறது. ஊசி விட்டு எடுத்தால் வேலை முடிந்தது. இதற்காக இன்ஜெக்ஷன் பம்மைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள்.

ஹைட்றோலிக்கும் கியர்ப்பெட்டியும்

பெரும்பாலான சின்ன ட்ரக்டர்களில் கியர்ப்பெட்டிக்கும் பின்னால் கருவியைத் தூக்கும் கைகளுக்கும் ஒரே ஒயில்தான். அதற்கென்று விற்கும் ட்ரக்டர் ஹைட்றோலிக் ஒயிலையே விடுங்கள். மீந்து கிடக்கும் எஞ்சின் ஒயிலை அல்ல. அளவுக் கம்பியில் ஒயில் பால் நிறமாகத் தெரிந்தால் சேற்று வயலில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கியர்க் கம்பிகளின் அடியில் உள்ள ரப்பர் உறைகள் கிழிந்து, மழைத் தண்ணீர் அவ்வழியே இறங்குவதும் உண்டு. ஒருமுறை வடித்து நிறைத்தால் முழுதும் போகாது. சில மணித்தியாலம் ஓட்டி மறுபடி வடிக்கவேண்டும்.

ஒயில் மாற்றும் எவரும் மறக்கக்கூடாதது உறிஞ்சும் வழியிலுள்ள சல்லடை. கைகள் மெதுவாக, விக்கி விக்கித் தூக்கினால், அல்லது பம் சிணுங்கினால், ஒயில் மட்டத்துக்கு அடுத்ததாக இதைத்தான் பார்க்கவேண்டும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் போடலாம். தூக்கிய கைகள் இறங்கவே மாட்டேன் என்கின்றனவா? இருக்கைக்குக் கீழே இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு குமிழ் இருக்கும். அது முழுதாகப் பூட்டப்பட்டிருக்கும். தூக்கி வைத்த றொட்டவேற்றருக்குக் கீழே கட்டை கொடுக்காமல் ஒருபோதும் படுத்து வேலை செய்யாதீர்கள்.

நான்கு சில்லும் இழுக்கும் மாதிரியில் முன் அச்சுக்குத் தனி ஒயில் உண்டு. சில்லின் உட்பக்கம் ஒயிலும் மண்ணும் கலந்து கட்டியாகப் பிடித்திருந்தால் சீல் போயிருக்கிறது. தார் வீதியில் முன் இழுவையைப் போட்டு ஓடாதீர்கள். முன்னும் பின்னும் சில்லுகள் சறுக்கி ஈடுகட்ட இடமில்லாமல் பற்சக்கரங்கள் முறுகும். ரயர் மாற்றும்போது பழைய அளவையே போடவேண்டியதும் இதே காரணத்துக்காகத்தான்.

பி.ரி.ஓ., றொட்டவேற்றர்

யப்பானிய மாதிரிகளில் பி.ரி.ஓ. வுக்கு மூன்று நான்கு வேகங்கள் இருக்கும். இங்கே விற்கும் கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை. முதல் வேகத்தில் தொடங்குங்கள். சிலவற்றில் பின்னோக்கிச் சுழலும் நிலையும் உண்டு, றொட்டவேற்றரோடு அதைத் தொடவேண்டாம். புல் வெட்டும் சுழல் கருவி பூட்டினால், கிளச்சை மிதித்த பிறகும் அதன் சுழற்சி ட்ரக்டரை முன்னே தள்ளும். ஒருவழிச் சுழல் இணைப்பு ஒன்றைப் பொருத்துங்கள்.

நம் தோட்டங்களில் சுண்ணாம்புக்கற்கள் மேலே கிளம்பிக்கொண்டே இருக்கும். புதுக் காணிக்குள் இறங்குமுன் ஒருமுறை நடந்து பெரிய கற்களைப் பொறுக்குங்கள். கத்திகளின் போல்ட்டுகளை முதல் ஒரு மணித்தியால வேலைக்குப் பிறகு இறுக்குங்கள். உடைந்த கத்திக்குப் பதில் போடும்போது எதிரிலுள்ளதையும் மாற்றினால் நடுக்கம் வராது. நைலோன் கயிறு, பொலித்தீன், நீர்க்குழாய்த் துண்டு ஆகியவை தண்டின் ஓரத்தில் சுற்றிக்கொண்டு ஒயில் சீலை அறுத்துவிடும். வெங்காயப் பயிர் முடிந்த காணியில் இதைக் கட்டாயம் பாருங்கள்: எஞ்சினை நிறுத்தி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கத்தியால் வெட்டி எடுங்கள்.

சாரத்தோடு பி.ரி.ஓ. தண்டுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. தோளில் துவாயும் வேண்டாம். துணி ஒரு நூல் அளவு பிடிபட்டாலும் ஆளை இழுத்துவிடும். தண்டின் பிளாஸ்ரிக் உறை இல்லாமல் விற்றிருந்தால், ஓட்டுவதற்கு முன் அதை வாங்குங்கள்.

கிளச், பிறேக், ஸ்ரியரிங், ரயர்

கிளச் பெடலில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை வெறும் அசைவு இருக்கவேண்டும். பெடலில் கால் வைத்தபடி ஓட்டும் பழக்கம் கிளச்சைத் தின்னும். இடது வலது பிறேக் பெடல்களை வீதிக்கு வரும்போது கொளுவியால் ஒன்றாகப் பூட்டுங்கள். ஒன்று மட்டும் பிடித்தால் கவிழும். முன் அச்சின் நடு முளை, ஸ்ரியரிங் மூட்டுகள் ஆகியவற்றுக்கு, பழைய கிறீஸ் பிதுங்கிப் புதியது தெரியும்வரை கிறீஸ் அடியுங்கள். பின் ரயரின் பட்டைகள் பின்னாலிருந்து பார்க்கையில் மேல்நோக்கிய அம்புக்குறி போலத் தெரியவேண்டும்.

சேறும் உப்பும்

சேற்றில் புதைந்தால் பின் சில்லில் மரக்குற்றியைக் கட்டி ஏற்றும் வழக்கம் ஆபத்தானது. சில்லு சுழல முடியாமல் நிற்கும்போது எஞ்சினின் விசை ட்ரக்டரின் முன்பக்கத்தைத் தூக்கி ஓட்டுபவர்மேலேயே கவிழ்த்துவிடும், அதுவும் கண் மூடித் திறக்குமுன். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், கருவியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு இயந்திரத்தால் இழுங்கள். சங்கிலியைத் தாழ்ந்த கொளுவியில் மட்டும் போடுங்கள், மேல் இணைப்பில் அல்ல. வரம்பைச் சரிவாக இல்லாமல் நேராக ஏறிக் கடவுங்கள். பின்னால் இரும்புச் சட்டம் இல்லாத ட்ரக்டருக்கு ஒன்றைச் செய்து பூட்டச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

காரைநகர், வேலணை, வடமராட்சிக் கரையோரங்களில் வேலை செய்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காற்று உறிஞ்சும் வாய், ஒல்ரனேற்றர், சூடான எஞ்சின் ஆகியவற்றில் தண்ணீர் பீச்சவேண்டாம். காய்ந்ததும் மூட்டுகளுக்குக் கிறீஸ், வெளித்தெரியும் தண்டுகளுக்குப் பழைய ஒயில்.

கொப்பியும் ஓய்வுக் காலமும்

ஒவ்வொரு நாளும் ஓடுமுன்: எஞ்சின் ஒயில், றேடியேற்றர்த் தண்ணீர், காற்று பில்ற்றர், தரையில் சொட்டு. 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிறீஸ், பெல்ற், பற்றரி, சில்லு நட்டுகள். 100 இல் எஞ்சின் ஒயில். 200 அளவில் டீசல் பில்ற்றர். ஹைட்றோலிக் ஒயிலும் சல்லடையும் 300 முதல் 400 க்குள். கூலன்ற் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் மாதிரிக்கான மனுவல் கிடைத்தால் அதிலுள்ள கணக்கையே எடுங்கள், தூசி வேலைக்கு மட்டும் இன்னும் நெருக்கமாகச் செய்யுங்கள்.

வேலை இல்லாத மாதங்களில் தாங்கியை நிறைத்து வையுங்கள். வெறுந்தாங்கிக்குள் ஈரம் ஒதுங்கித் தண்ணீராகும். கைகளை இறக்கி, பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி, புகைக்குழாய் வாயை ஒரு பேணியால் மூடுங்கள். மாதம் ஒருமுறை பேணியை எடுத்து, பற்றரியைப் பூட்டி, சூடேறும்வரை ஓடவிட்டு, கிளச்சைப் பல தடவை மிதியுங்கள். இல்லாவிட்டால் தட்டு துருவால் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் நீங்களே செய்யலாம். இன்ஜெக்ஷன் பம்மைத் திறப்பது, ஹெட்டைக் கழற்றுவது, கியர்ப்பெட்டியைப் பிரிப்பது ஆகிய மூன்றையும் மட்டும் அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். அவரிடம் போகும்போது கொப்பியையும் எஞ்சின் இலக்கத்தின் படத்தையும் கொண்டு போங்கள். என்ன செய்து பார்த்தீர்கள், எந்தச் சூட்டில், எந்தச் சுமையில் கோளாறு வந்தது என்று சொன்னால் அவர் தேடும் நேரமும் உங்கள் செலவும் பாதியாகும்.